பூ வாங்கப் போகாம பெஞ்சில உக்காந்திருந்த தங்கச்சிக்கு

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைக்கு மேல ஒரு தேயிலத் தோட்டத்துப் புள்ள. கலியாணம் கட்டி ஆறு வருஷமாச்சு, நாலு வயசுல ஒரு மக இருக்கா. வீட்டுக்காரர் தோட்டத்துல வேல. குழுக்கடன் எடுத்து அதைக் கட்ட ஏலாமப் போனதுனால ரெண்டு வருஷமா நான் கொழும்புல, புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில நிக்கிறேன். மக எங்க அம்மாகூட லயத்து வீட்டுல இருக்கா. மாசத்துல ஒருக்கா, பௌர்ணமிக்கு விடுற போயா லீவு சேந்து வந்தா ரெண்டு தடவ வீட்டுக்கு வருவேன். திரும்பிப் போற அன்னிக்கு அவ தூங்கிக்கிட்டு இருக்கிறப்பவே மொத பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன், முழிச்சிட்டான்னா கால கட்டிக்கிட்டு விடமாட்டா.

இந்த மே மாசம் அன்னையர் தினத்துக்கு சேர்ச்சுக்குப் போனேன். பாஸ்டர் ஐயா தீத்து 2-ம் அதிகாரத்துல இருந்து பேசினாரு. தாய்மை கடவுள் குடுத்த ஊழியம், காசுக்காகப் புள்ளைய விட்டுட்டுப் போற தாய் அந்த ஊழியத்த வித்துப்போட்டவன்னு சொன்னாரு. பொறகு எல்லாத் தாய்மாரையும் முன்னுக்கு வரச்சொல்லி ஒரு ரோசாப்பூவும் ஒரு கோப்பையும் குடுத்தாங்க. எனக்கு எழும்பவே ஏலல. பக்கத்துல எங்க அண்ணியும் உக்காந்திருந்தாங்க, அவங்களுக்கு ஒம்பது வருஷமா புள்ள இல்ல. அந்த பெஞ்சில நாங்க ரெண்டு பேருந்தான். என் மக அம்மாயி கையப் புடிச்சிக்கிட்டு முன்னுக்குப் போயி பூவோட வந்து, "அம்மாயிக்குக் குடுத்தாங்க, ஒங்களுக்கு ஏன் குடுக்கல?"ன்னு கேட்டா.

அக்கா, தாய்மைங்கிறத கடவுள் எதுக்குக் குடுத்தாரு? நான் செய்றது பாவமா? மறைக்காம சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு தங்கச்சி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொதல்ல அந்த தீத்து வசனத்தப் பாத்துட்டு வருவோம், ஏன்னா அதை எடுத்துத்தான ஒங்க மேல வீசியிருக்காங்க. பவுல் அதுல வயசான பொம்பளைங்க இளம் பொம்பளைங்களுக்கு என்னென்ன சொல்லிக்குடுக்கணும்னு எழுதுறாரு, புருஷன் மேலயும் புள்ளைங்க மேலயும் அன்பா இருக்கணும், தெளிஞ்ச புத்தியோட இருக்கணும்னு வரிசையா வருது, அதுல ஒண்ணா "வீட்டில் தரித்திருக்கிறவர்களும்"னு நம்ம தமிழ் வேதாகமத்துல இருக்கு. ரொம்பப் பழைய கிரேக்கப் பிரதிகள்ல இருக்கிற சொல்லுக்கு வீட்டு வேலைகளப் பொறுப்பாப் பாக்கிறவங்கன்னுதான் அர்த்தம், வாசப்படியத் தாண்டாதவங்கன்னு இல்ல. அதே பவுலோட சேந்து கூடாரம் தைக்கிற தொழில் செஞ்சவதான் பிரிஸ்கில்லா. லீதியாள் ரத்தாம்பரம் வித்தவ, அவ வீட்டுலதான் பிலிப்பி பட்டணத்து சபையே கூடிச்சு. நீதிமொழிகள் 31-ல வர்ற குணசாலியான பொம்பள ஒரு வயல விசாரிச்சு விலைக்கு வாங்குறா, தன் கை சம்பாத்தியத்துல திராட்சத்தோட்டம் போடுறா, ராவுல அவ வெளக்கு அணையிறதில்ல. அந்த அதிகாரத்த அன்னையர் தினத்துக்கு வருஷா வருஷம் வாசிக்கிறாங்க, ஆனா வயல் வாங்குற வசனத்துல மட்டும் யாரும் நின்னு பேசுறதில்ல.

எனக்கு இதுல இன்னொரு பெரிய மனத்தாங்கல் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். இந்தியாவுல இருந்து நம்ம சனங்க மலையகத்துக்கு வந்து 200 வருஷம் ஆச்சுன்னு 2023-ல தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தாங்களே, இந்த 200 வருஷத்துல நம்ம பொம்பளைங்கள்ல வீட்டுல தரிச்சிருந்தவ யாரு சொல்லுங்க? இருட்டோட எழும்பி, ரொட்டி தட்டி வச்சிட்டு, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு ஓடி, கூடையத் தலையில மாட்டி மலை ஏறினவங்கதான எங்க அம்மாவும் ஒங்க அம்மாவும். 1984 வரைக்கும் அதுக்கும் ஆம்பளைய விடக் கொறஞ்ச சம்பளந்தான் குடுத்தாங்க. தோட்டத்துச் சனங்களுக்குன்னு 1854-லயே தமிழ் கூலி மிஷன்னு ஆரம்பிச்சிட்டாங்க, அந்தக் காலத்துல இருந்து தோட்டத்துல சேர்ச் இருக்கு, பிரசங்கம் இருக்கு. கைப்புள்ளைய விட்டுட்டுக் கொழுந்து எடுக்கப் போன தாய, ஊழியத்த வித்துப்போட்டவன்னு எந்த பிரசங்கத்துலயாவது சொன்னதா எங்க பாட்டிமாரு யாரும் எனக்குச் சொன்னதில்ல. கொழுந்து இஸ்டோருக்கு, அதான் தேயில ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டியிருந்திச்சு, அதனால அது பாவமாத் தெரியல. அவ தன் கடனக் கட்ட, கொழும்பு போக ஹட்டன் பஸ் ஏறினாத்தான் பாவமாத் தெரியுது. இதை நான் ரொம்பக் கவலையோடதான் எழுதுறேன், சேர்ச் எனக்கு அந்நியமான எடம் இல்ல, நான் அதுக்குள்ளயே வளந்தவ.

நான் எங்க வளந்தேன்னு ஒரு விஷயம் சொல்றேன். தாய்மார் வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போற எங்க தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல வரிசையா சீலைத் தொட்டில் கட்டியிருப்பாங்க, ஆயா ஒரு கையில ஒண்ண ஆட்டிக்கிட்டு மத்தக் கையால இன்னொண்ணுக்குப் பால்மா கரைப்பாங்க. நான் அப்ப பெரிய புள்ள, அஞ்சு வயசு, தம்பி தொட்டில்ல. பால் குடுக்குற நேரத்துக்கு அம்மா மலையில இருந்து ஓடி வரும். இடுப்புல கட்டின படங்கு நனைஞ்சு கனமா இருக்கும், அதை அவுத்து வாசல்ல போட்டுட்டு பீலியில கை கழுவும், எவ்வளவு தேச்சாலும் வெரல்ல கொழுந்துக் கறை போகாது, கறுப்பாவே இருக்கும். சுவத்துல சாஞ்சு உக்காந்து தம்பிக்குப் பால் குடுக்கிறப்ப கணுக்கால்ல அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் ஒழுகிக்கிட்டே இருக்கும், அம்மா அதைத் துடைக்காது, ஏன்னா குனிஞ்சா தம்பி வாய எடுத்துருவான். ஆயாதான் பழைய துணி ஒண்ணு நனைச்சு எடுத்து வந்து கீழ உக்காந்து அம்மா கால்ல வச்சு அழுத்துவாங்க. எனக்குத் தாய்மைன்னு சொன்னா மனசுல வர்ற படம் அதுதான், அதுல பால் குடுக்கிற எங்க அம்மாவும் இருக்கு, அந்தக் காலப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த ஆயாவும் இருக்காங்க.

நம்ம நாட்டு மகப்பேற்றுச் சட்டத்துலகூட இது இருக்கு. ஒரு வயசுக்குள்ள புள்ள இருக்கிற தாய்க்கு 9 மணித்தியால வேலைக்குள்ள ரெண்டு தடவ பால் குடுக்க விடணும், புள்ளக்காம்பரா இருந்தா அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒரு மணித்தியாலம். புள்ள பால் குடிக்கிறது தாயோட பொறுப்பு மட்டும் இல்ல, அவள வேலைக்கு வச்சிருக்கிறவனுக்கும் அதுல கடம இருக்குன்னு சட்டம் எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. சபைக்குத் தெரியாமப் போகலாமா?

சரி, ஒங்க கேள்விக்கு வாறேன். தாய்மைய கடவுள் எதுக்குக் குடுத்தாரு?

127-ம் சங்கீதத்துல புள்ளைங்க கர்த்தரால வர்ற சுதந்தரம்னு இருக்கு. இந்தச் சுதந்தரம்ங்கிற சொல்ல நம்மள்ல நெறைய பேர் விடுதலைன்னு நெனச்சிக்கிட்டு வாசிக்கிறோம், பழைய தமிழ் வேதாகமத்துல அதுக்கு உரிமைப் பங்கு, சொத்துன்னுதான் அர்த்தம். ஆனா எங்க இருந்து வந்த சொத்து? கர்த்தரால வந்தது. அப்ப அது என் கையில ஒப்படைச்ச ஒண்ணு, நான் உண்டாக்கினது இல்ல, நான் வச்சுக்கிறதுக்கும் இல்ல. தாய்மையோட நோக்கமே எனக்கு இந்த எடத்துலதான் தொடங்குது. கடவுளோட புள்ளைய ஒரு காலம் வரைக்கும் பத்திரமா வச்சிருந்து, அன்பு செஞ்சு, அவரு யாருன்னு தெரிய வச்சு, பொறகு அந்தப் புள்ள யாருக்காகப் படைக்கப்பட்டிச்சோ அங்க அனுப்பி வைக்கிறது. ஒப்படைச்ச பொருளுன்னா அதுல பொறுப்பு கூடுமே தவிரக் கொறையாது, அது வேற. ஆனா ஒப்படைச்சவரு அதை ஒரு பொம்பள தலையில மட்டும் ஏத்தி வச்சிட்டுப் போயிட்டாரான்னு கேட்டா, இல்ல, வேதத்துல எங்கயும் அப்படி இல்ல.

மோசேயப் பாருங்க. பொறந்த ஆம்பளப் புள்ளைங்களக் கொல்லச் சொல்லி பார்வோன் கட்டள போட்டப்ப சிப்பிராள், பூவாள்னு ரெண்டு மருத்துவிச்சிங்க மாட்டோம்னு நின்னாங்க. பொறகு மோசே பொறந்தப்ப அவன மூணு மாசம் ஒளிச்சு வச்சவ அவன் தாய் யோகெபேத். நாணல் பெட்டியில விட்டுட்டு வந்த பொறகு தூரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தவ அவனோட அக்கா. தண்ணியில இருந்து எடுத்தவ பார்வோனோட மக, அந்தப் புள்ள அழுதது பாத்து மனசு இரங்கினவ. அஞ்சு பொம்பளைங்க, தங்கச்சி, அதுல ஒருத்தி எதிரி வீட்டுக்காரி. ஒருத்தி கை விட்டிருந்தாலும் மோசே இல்ல. அதுலயும் யோகெபேத் தன் சொந்தப் புள்ளைக்குப் பால் குடுக்க அரண்மனையில இருந்து சம்பளம் வாங்கினா, அது எழுதியே இருக்கு. நம்ம புள்ளைங்க கொழும்புல வேற வீட்டுப் புள்ளையத் தூக்கி வளக்கச் சம்பளம் வாங்குதுங்க, தன் புள்ளைய வளக்க அவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கிறது? யோகெபேத்துக்குக் கெடச்சத நெனக்கிறப்பல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம், ஒங்க கடிதத்துல வீட்டுக்காரரப் பத்தி மூணே சொல்லுதான் இருக்கு. தோட்டத்துல வேல. அவ்வளவுதான். அவரு அந்த ஆராதனையில இருந்தாரா? இருந்திருந்தா பிரசங்கத்துல ஒரு வரியாவது அவரு மேல பட்டிச்சா? எபேசியர் 6:4-ல புள்ளைங்கள சிட்சையிலயும் போதனையிலயும் வளக்கச் சொல்லி பவுல் எழுதுறது பிதாக்களுக்கு, "பிதாக்களே"ன்னு கூப்புட்டுத்தான் எழுதுறாரு. அதை அன்னையர் தினத்துல யாரும் எடுக்க மாட்டாங்க. அரசாங்கமும் இப்படித்தான் செஞ்சிச்சு, 2013-ல வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பொம்பளைக்குக் குடும்பப் பின்னணி அறிக்கைன்னு ஒண்ணு கொண்டு வந்து, அஞ்சு வயசுக்குக் கொறஞ்ச புள்ள இருந்தாப் போக ஏலாதுன்னாங்க, அதே வயசுல புள்ளைய விட்டுட்டு வெளிநாடு போன ஆம்பளைகிட்ட அந்த அறிக்கைய யாரும் கேக்கல. ஒங்க வீட்டுக்காரர நான் கொற சொல்லல, அவரு நல்ல மனுசனாவே இருக்கலாம். ஆனா காலையில மகளுக்குத் தலை சீவி நர்சரிக்குக் கூட்டிட்டுப் போறது யாரு, ராவுல அவளோட முழங்கால் போட்டு ஜெபம் பண்றது யாரு, இதெல்லாம் அம்மாயி தலையிலதான் இருக்குன்னா அதை அவருகூட உக்காந்து கதைக்கணும். ஒங்களுக்கும் அம்மாவுக்கும் இருக்கிற அதே ஒப்படைப்பு அவருக்கும் இருக்கு.

அடுத்தது சபை. ஒங்க மகளுக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கு சபை எழும்பி நின்னிச்சா, இந்தப் புள்ளைய விசுவாசத்துல வளக்க நாங்களும் ஒத்தாசையா இருப்போம்னு வாக்குக் குடுத்திச்சா? நம்ம ஆராதனை முறையில அது இருக்கு, எல்லாரும் சேந்துதான் சொல்றோம். பாஸ்டர் ஐயா அந்தப் புள்ளையக் கையில ஏந்திக்கிட்டுத்தான் நம்மகிட்ட அதைக் கேட்டாரு. அப்ப ஒரு தாய் கடன் அடைக்கக் கொழும்பு போனான்னா, "ஏன் போன?"ன்னு கேக்குறதுக்கு முன்னுக்கு, அன்னிக்கு எழும்பி நின்ன நாங்க இந்தப் புள்ளைக்கு என்ன செஞ்சோம்னு சபை தன்னத்தானே கேக்கணும். குழுக்கடன்காரன் லயத்து வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டப்ப சபையில யாரு கூட வந்து நின்னாங்க? அம்மாயிக்கு நோய் வருத்தம் வந்தா புள்ளைய யாரு பாக்கிறாங்க?

அன்னையர் தினம் எங்க இருந்து வந்திச்சுன்னு தெரிஞ்சா ஒங்களுக்கு மனசு கொஞ்சம் ஆறும். அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியாவுல ஆன் ஜார்விஸ்னு ஒரு அம்மா இருந்தாங்க, பெத்த புள்ளைங்கள்ல பெரும்பாலானத சின்ன வயசுலயே பறிகுடுத்தவங்க. அந்த ஊருல புள்ளைங்க நோயில செத்துக்கிட்டே இருந்ததப் பாத்துட்டு, தாய்மார ஒண்ணு சேத்து சங்கம் கட்டினாங்க, வீடு வீடாப் போயி சுத்தம் சொல்லிக்குடுத்தாங்க, மருந்துக்குக் காசு சேத்தாங்க, நோயாளித் தாய் இருக்கிற வீட்டுக்கு ஒத்தாசைக்கு ஆள் வச்சாங்க. அவங்க செத்த பொறகு அவங்க மக அன்னா ஜார்விஸ், அம்மா நினைவா 1908-ல ஒரு மெதடிஸ்ட் சேர்ச்ல நடத்தின ஆராதனையில இருந்துதான் இந்த நாள் வந்திச்சு, 1914-ல அரசாங்க நாளாச்சு. தாய்மார் சேந்து மத்தத் தாயோட புள்ளையச் சாக விடாமப் பாத்துக்கிட்டதுதான் இதோட வேர். இன்னொண்ணு, அந்த அன்னாவுக்குக் கலியாணமும் இல்ல, புள்ளையும் இல்ல. தாய்மார் மட்டும் முன்னுக்கு வாங்கன்னு கூப்புட்டிருந்தா, இந்த நாளக் கொண்டு வந்தவளும் ஒங்க ரெண்டு பேரு பக்கத்துல பெஞ்சில உக்காந்திருப்பா.

ஒங்க அண்ணிக்கு, ரோமர் 16:13 வாசிச்சுக் காட்டுங்க. பவுல் ரூப்புவுக்கு வாழ்த்துச் சொல்றப்ப, எனக்கும் தாயா இருக்கிற அவன் தாய்க்கும் வாழ்த்துச் சொல்றேன்னு எழுதுறாரு. பவுல அவ பெக்கல. ஒரு நேரம் சோறு போட்டாளோ, காய்ச்சல்ல பக்கத்துல இருந்தாளோ, என்ன செஞ்சான்னு எழுதல, ஆனா அந்தப் பெரிய மனுசனுக்கு அவ தாயா இருந்திருக்கா. ஒரு பொம்பள இயேசுவப் பாத்து ஒங்களச் சுமந்த வயிறு பாக்கியமுள்ளதுன்னு சத்தம் போட்டப்பகூட, தேவனோட வார்த்தையக் கேட்டு அதன்படி நடக்கிறவங்கதான் அதிக பாக்கியவான்கள்னாரு. தன் சொந்தத் தாய் அவருக்கு எவ்வளவு பெருசுன்னு சிலுவையில தொங்குறப்ப யோவான்கிட்ட ஒப்படைச்சதுலயே தெரியுது, அப்படி இருந்தும் பெத்ததால மட்டும் ஒருத்தி ஒசத்தி, பெறாததால ஒருத்தி தாழ்த்தின்னு அவரு ஒரு நாளும் சொல்லல. ஒங்க மக அந்த அண்ணி மடியில உக்காந்து வளரட்டும். அண்ணிக்குக் கேக்கக் கூச்சமா இருக்கும், நீங்களே போய்க் கேளுங்க, அவங்க மனசு வலிச்சா வேணாம்.

மறைக்காம சொல்லுங்கன்னு கேட்டீங்க. கடனக் கட்டவும் புள்ளைக்குச் சோறு போடவும் உழைக்கிறது பாவம் இல்ல. அந்தப் பாரத்தோட தூங்கப் போகாதீங்க. ஆனா தூரத்துல இருக்கிற தாய்க்குச் சில பொறுப்பு கூடுதலா இருக்கு, அதை நான் மழுப்பினா ஒங்களுக்குத் துரோகம் செஞ்ச மாதிரி ஆயிரும். மகளக் குளிப்பாட்டுறது யாரு, ராவுல அவ யாரு பக்கத்துல படுக்குறா, அம்மா கொழுந்துக்கோ கடைக்கோ போனா அவ யாரு வீட்டுல இருக்கா, இதுல ஒண்ணுகூட ஒங்களுக்குத் தெரியாம இருக்கக்கூடாது. லயத்துல எல்லாரும் சொந்தம்தானேன்னு விடாதீங்க. அவ பயந்து ஒண்ணு சொன்னா, சொல்லாம மொகம் வாடினாக்கூட, நம்புங்க, லீவு குடுக்காட்டியும் பஸ் ஏறிருங்க. கடன் எந்த மாசம் முடியுதுன்னு ஒரு கொப்பியில எழுதி வையுங்க, அது முடியிறப்ப இன்னொரு கடனுக்குக் கையெழுத்துப் போடாதீங்க, அவ ஒண்ணாம் வகுப்புக்குப் போறதுக்குள்ள வீட்டுக்கு வர வழியிருக்கான்னு வீட்டுக்காரரும் நீங்களும் இப்பவே கணக்குப் பாருங்க. வழி இல்லாட்டி இல்ல. பாக்காம விட்டுறக்கூடாது.

அன்னாளத் தெரியும்தான? அழுது அழுது கேட்டு வாங்கின புள்ள சாமுவேல், பால் மறக்கடிச்ச ஒடனே சீலோவுல ஆசாரியர் ஏலிகிட்ட விட்டுட்டு வந்துட்டா. வருஷத்துல ஒருக்காப் போவா. அதுவும் அது ஒண்ணும் அப்படி நல்ல எடம் இல்ல, ஏலியோட சொந்த மகன்மார் அங்கயே தகப்பன் கண்ணு முன்னாலயே இருந்தும் கெட்டுப்போனவங்க. கூடவே இருந்தா நல்லா வளரும், தூரத்துல இருந்தாக் கெடும்னு வேதத்துல ஒரு சட்டம் இல்ல. அதுக்காகத் தூரம் ஒண்ணும் செய்யாதுன்னும் நான் சொல்லல, அன்னாளோட வயித்தெரிச்சல் அவளுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா அவளப் பத்தி ஒரு சின்ன வசனம் இருக்கு, 1 சாமுவேல் 2:19, வருஷா வருஷம் பலி செலுத்த வர்றப்ப மகனுக்கு ஒரு சின்னச் சட்ட தைச்சுக் கொண்டு வருவாளாம். நான் இந்த வசனத்துல எவ்வளவோ நாள் நின்னிருக்கேன். வருஷம் பூரா பாக்காத புள்ளைக்கு அளவு எப்புடித் தெரிஞ்சிருக்கும்? போன தடவ நெஞ்சு வரைக்கும் வந்தான், இப்ப தோள் வரைக்கும் வந்திருப்பான், கை இவ்வளவு நீண்டிருக்கும்னு தைக்கிறப்ப ஒவ்வொரு தையலுக்கும் அவன மனசுல நிறுத்தி அளந்திருப்பா. வீட்டுல உக்காந்து அவ செஞ்ச தாய்மை அது.

நீங்க துணிக்கடையில நிக்கிறீங்க. மகளுக்கு இப்ப என்ன சைஸ்னு யோசிக்காமச் சொல்ல ஏலுதா? அடுத்த தடவ போறப்ப காம்பரா கதவு நெலையில அவள நிறுத்தி உச்சந்தலைக்கு நேரா பென்சில்ல ஒரு கோடு போடுங்க, தேதிய எழுதுங்க. பொகவந்தலாவ குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, பொம்மைய விட அது நல்லம்.

அப்புறம் அந்த மொத பஸ் விஷயம். தூங்குறப்ப எழும்பிப் போகாதீங்க தங்கச்சி. எங்க அம்மா பெரட்டுக்குப் போறப்ப இருட்டுல என் கன்னத்தத் தட்டி, போயிட்டு வாறேன்னு சொல்லிட்டுத்தான் போகும், நான் அழுவேன், ஆனா சொல்லாமப் போன ரெண்டு நாள்லதான் நான் புள்ளக்காம்பரா வாசல்லயே நாள் பூரா நின்னேன், உள்ளுக்கு வரவே மாட்டேன்னுட்டேன்னு ஆயா சொல்லுவாங்க. அவள எழுப்புங்க. எங்க போறீங்க, எதுக்குப் போறீங்க, எப்ப வருவீங்கன்னு அவளுக்கு வெளங்குற மாதிரிச் சொல்லுங்க. காலண்டரக் காட்டி, அடுத்து நீங்க வர்ற போயாவ அவ கையாலயே சுத்திக் கோடு போட வையுங்க. அழுவா, கால கட்டிக்குவா, அந்த பஸ் போயிருச்சுன்னா அடுத்த பஸ்ஸுல போகலாம்.

அன்புடன்,
அக்கா